மருந்து என்று ஒரு பெயர்

ஏற்காட்டு மலையிலே வாழவந்தின்னு ஒரு ஊர். பேர்லயே வாழ்வு இருக்கு! அந்த மலைக்கு 1820களில் காப்பி வந்தது. பின்னாலேயே தண்டைத் துளைக்கிற வண்டும் வந்தது. வண்டுக்காகத் தண்டிலே பூசியது பி.எச்.சி., அப்புறம் லிண்டேன். கொல்ற சரக்குக்கு நாம வச்ச பேரு "மருந்து"!

இந்தப் பேர்க்குழப்பம் உலகத்துக்கே உண்டுங்க. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் கண்டவர் பால் முல்லர். 1948இல் அவருக்கு நோபல் பரிசு. எதுக்கு? மருத்துவத்துக்கு! மலேரியாக் கொசுவையும் டைபஸ் பரப்பும் பேனையும் அது ஒழித்தது, நியாயம்தான். ஆனா அதே டி.டி.டி. வயலுக்குப் போச்சு; உடம்புக் கொழுப்பிலே தங்கி, தாய்ப்பால் வரைக்கும் வந்தது. விவசாயத்தில் அதை இந்தியா 1989இல் தடை செய்தது. பி.எச்.சி.க்கு 1997இல், லிண்டேன் பயன்பாட்டுக்கு 2013இல் தடை வந்தது.

"காயைக் கழுவினா சரியாப் போச்சு" என்கிறார் எதிரணி நண்பர். மேலே படிந்தது ஓரளவு போகும். மோனோகுரோட்டோபாஸ் செடியின் சாற்றோடு உள்ளே ஓடுமே, அதை எப்படிக் கழுவுவீங்க? காய்கறிக்கு அதைத் தெளிக்கக் கூடாதுன்னு 2005இல் தடை போட்டாங்க. அதன் வீரியம் தெரியணுமா? 2013இல் பீகாரில், பள்ளிச் சத்துணவு சமைத்த எண்ணெயில் அது கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள்.

பிழைக்க வைப்பது மருந்து, கொல்வது விஷம். இனிமே "விஷம்"னே சொல்லுங்க. தெளிக்கிற கை கொஞ்சம் யோசிக்கும். தெளித்த மறுநாளே பறிக்கத் துணியாது.