ஒரு சாண் வால்டியூப்

சைக்கிள் வால்வின் உலோகத் தண்டில் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளையை மூடியபடி ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் மாட்டப்பட்டிருக்கும். பம்பு அடித்தால் வரும் காற்று, ரப்பரை விலக்கிக்கொண்டு சக்கரத்தின் டியூபுக்குள் போகும். பம்பை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் காற்றே அந்த ரப்பரைத் துளையின் மேல் அமுக்கிவிடும். உள்ளே போன காற்று திரும்பி வராது. பஞ்சர் ஒட்டும் கடையில் வால்டியூப் என்று கேட்டால் சாண் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்களே, அதுதான் இது.

இந்தக் குழாய்க்கு இன்னொரு பிழைப்பும் உண்டு. அது பள்ளிக்கூடத்துக்குப் போய் அறிவியல் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்தப் பயணம் தொடங்கிய இடம் மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் இருக்கும் ஹோஷங்காபாத் மாவட்டம். இன்று அதன் பெயர் நர்மதாபுரம்.

1972-ல் அங்கே 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலைச் சோதனை வழியாகக் கற்பிக்க அனுமதி பெற்றன. அமெரிக்காவில் உயிரியல் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி வந்து, மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்து வேலையையும் விட்ட அனில் சத்கோபால் இதன் முன்னோடிகளில் ஒருவர். அந்த நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடங்களை உருவாக்கினார்கள்.

அந்த வகுப்பில் குழந்தைகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து சோதனை செய்வார்கள். ‘பால் வைக்ஞானிக்’ என்ற அவர்களுடைய பயிற்சிநூல் கேள்வி கேட்கும், செய்து பார்க்கச் சொல்லும். விடையைக் குழந்தைகள்தான் தங்கள் கண்ணால் கண்டதை வைத்து எழுதவேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைக்கும் தனியே தேர்வு உண்டு. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள். குழந்தைகளின் சந்தேகங்களுக்குப் பதில் எழுத ‘சவாலிராம்’ என்ற ஒரு கற்பனை மனிதர் இருந்தார். அவர் பெயருக்கு வந்த கடிதங்களுக்கு அறிவியல் தெரிந்தவர்கள் பொறுப்பாகப் பதில் எழுதினார்கள். 1978-ல் இந்தத் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-ல் இதை முன்னெடுக்க ஏகலவ்யா என்ற அமைப்பு பிறந்தது.

அந்த 1978-ல்தான் அரவிந்த் குப்தா அங்கே வந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளம் பொறியாளர். ஓர் ஆண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு கிராமத்துக்கு வந்தவர், வாரச்சந்தையில் கிடைத்த மலிவுப் பொருட்களை வாங்கி, எதைக் கொண்டு எதைச் செய்யலாம் என்று பார்த்தார். அவற்றில் வால்டியூபும் இருந்தது. தீக்குச்சி அதற்குள் கச்சிதமாக நுழைந்தது.

வால்டியூபைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகளை இரு முனையிலும் செருகினால் வளையக்கூடிய ஒரு மூட்டு கிடைக்கும். நடுவில் முள்ளால் துளையிட்டு மூன்றாவது குச்சியைச் செருகலாம். கொஞ்சம் கைப்பழக்கம் வந்துவிட்டால் நான்கு, ஐந்து, ஆறு குச்சிகள் சேரும் மூட்டுகளும் செய்யலாம். கருவி என்று பார்த்தால் ஒரு பிளேடும் ஒரு கருவேல முள்ளும் போதும்.

மூன்று குச்சிகளை மூன்று துண்டுகளால் இணைத்தால் முக்கோணம். அதை எப்படி அழுத்தினாலும் உருவம் மாறாது. நான்கு குச்சிகளை இணைத்தால் சதுரம். ஒரு மூலையைத் தள்ளினாலே சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். ஐந்தும் ஆறும் இன்னும் மோசம். மூட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான், குச்சியும் ஒன்றுதான். முக்கோணம் மட்டும் ஏன் நிற்கிறது? இந்தக் கேள்வி தானாகவே குழந்தையின் வாயில் வரும். ஓட்டு வீட்டுக் கூரையின் சட்டங்களிலும் மின்கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் முக்கோணம் முக்கோணமாக இருப்பதை அதற்குப் பிறகு அந்தக் குழந்தை பார்க்காமல் இருக்க முடியாது.

அடுத்து 12 குச்சிகளால் ஒரு கனசதுரம் செய்யட்டும். அது நிற்காமல் தள்ளாடும். எத்தனை குச்சிகளைச் சேர்த்தால் நிற்கும்? ஒவ்வொரு குழுவும் ஒவ்வோர் எண்ணைச் சொல்லும். மூலைவிட்டத்துக்குத் தீக்குச்சியின் நீளம் போதாது என்பது செய்யும்போதுதான் தெரியும். ஈர்க்குச்சியை ஒடித்து அளவு பார்த்தால் அது பக்கத்தைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு வரும். பிதாகரஸ் தேற்றம் வாய்ப்பாடாக வருமுன் கைக்கு வந்துவிடுகிறது. முகத்துக்கு ஒரு மூலைவிட்டமாக ஆறு ஈர்க்குச்சிகளைச் செருகியதும் கனசதுரம் அசையாமல் நிற்கும். ஆறு குச்சிகளால் செய்யும் நான்முகிக்கு இந்த உதவி எதுவும் வேண்டாம், அதன் முகங்கள் நான்கும் முக்கோணங்கள். மீத்தேன் மூலக்கூறின் வடிவமும் அதுதான் என்று வேதியியல் வகுப்பில் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு தீப்பெட்டியும் ஒரு சாண் வால்டியூபும். இந்த மலிவில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. நம் பள்ளிகளில் நுண்ணோக்கியும் கண்ணாடிக் குடுவையும் அலமாரியில் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் ஆசிரியரின் சோம்பல் அல்ல. உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தில் ஆசிரியர் மேசையில் ஒரு முறை செய்து காட்டுவார். முதல் பெஞ்சு பார்க்கும், கடைசி பெஞ்சுக்குத் தலைகள்தான் தெரியும். வால்டியூபுக்குப் பதிவேடு இல்லை. கிழிந்தால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். கெடுத்துப் பார்க்கும் உரிமை இல்லாத இடத்தில் ஆராய்ந்து கற்பது என்பது வெறும் பேச்சு.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கும் இந்தப் பாடத்தில் இடம் உண்டு. கேள்வி கையில் இருக்கிறது, விடையும் கையில்தான் கிடைக்கிறது. பார்வையற்ற மாணவர் முக்கோணத்துக்கும் சதுரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் அழுத்தியே சொல்லிவிடுவார். சைக்கிள் கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை செய்யும் பையனுக்கு இந்தக் குழாயைப் பற்றி ஆசிரியரைவிட அதிகம் தெரிந்திருக்கும். அவனுக்குத் தெரிந்ததை வகுப்பு மதிக்கும் நாளில்தான் அவனும் அந்த வகுப்பின் பிள்ளை ஆகிறான்.

வால்டியூபின் துணையான தீக்குச்சிக்கு நம் மண்ணோடு நேரடி உறவு உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து தொடங்கிய பிறகு, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் நாட்டுக்கே தீப்பெட்டி கொடுத்தது. ஹோஷங்காபாத்தில் பிள்ளைகள் குச்சிகளால் கோபுரம் கட்டிய அதே காலத்தில், இங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். 1996-ல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்று பேசும்போது இந்த வரலாற்றையும் நினைத்துக்கொண்டுதான் பேசவேண்டும்.

தீக்குச்சி மாதிரிகள் பற்றிய அரவிந்த் குப்தாவின் முதல் புத்தகம் பிறகு 12 மொழிகளுக்குப் போனது. புனேயில் குழந்தைகளுக்கான அறிவியல் மையத்தில் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் வால்டியூபைப் பள்ளிக்குக் கூட்டிவந்த திட்டம் நிலைக்கவில்லை. சுமார் 1,000 பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த ஹோஷங்காபாத் திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. குச்சியும் குழாயும் சந்தையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. மாதாந்திர ஆசிரியர் கூட்டமும், திறந்த புத்தகத் தேர்வும், கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் சவாலிராமும் அந்தப் பள்ளிகளைவிட்டுப் போய்விட்டன. பொருள் மட்டும் பயணம் செய்தால் பொம்மையாகத்தான் போய்ச் சேரும். “முக்கோணம் உறுதியானது, எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுக் குச்சியைக் கையில் கொடுத்தால், அதுவும் மனப்பாடம்தான்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் அறிவியல், கணிதச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. இது நல்ல தொடக்கம். மன்றக் கருத்தாளர் வந்துபோன பிறகும் மீதி நாட்களில் வகுப்பு கேள்வியோடு நடக்கவேண்டும். அதற்கு ஆசிரியருக்கு நேரமும், சக ஆசிரியர்களோடு கூடிப்பேச இடமும், செய்து கண்டுபிடித்ததை மதிக்கும் தேர்வும் வேண்டும். இவற்றைக் கொடுக்கவேண்டியது அரசு.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதுவரை காத்திருக்காமல் ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். நான்கு பேருக்கு ஒரு தீப்பெட்டி, ஒரு சாண் வால்டியூப். கனசதுரம் நிற்க எத்தனை குச்சி கூடுதலாக வேண்டும் என்று கரும்பலகையில் எழுதுங்கள். மணி அடிக்கும்வரை விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.