போதகருக்கென்று கட்டிய அறை

மலேசியாவின் கோப்பெங் ஊர் ஈயத்துக்கும் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலுக்கும் நெடுநாள் உறவு உண்டு. மலைநீரைப் பெருங்குழாய்களில் இறக்கி இங்கே மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த கம்பெனிக்கு, கார்ன்வாலின் சுரங்க ஊரான ரெட்ரூத்தில் இருந்தவர்கள்தான் முதலாளிகள். அந்தச் சுரங்க மக்களில் பெரும்பாலோர் மெத்தடிஸ்ட் கிறிஸ்தவர்கள். அந்த மார்க்கம் அங்கே எப்படிக் காலூன்றியது என்பதைச் சொல்ல ஒரு சிறிய வீடு இன்னும் நிற்கிறது.

பாட்மின் மூர் என்ற பொட்டல் மேட்டின் ஓரத்தில் ட்ரெவின்ட் என்றொரு குக்கிராமம். அங்கே டிகரி இஸ்பெல் என்பவர் கல்வேலை செய்து பிழைத்தார். 1743இல் அவர் வெளியே போயிருந்த ஒருநாள், பசியோடு இரண்டு வழிப்போக்கர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு முன்னே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஜான் நெல்சனும் ஜான் டவுன்ஸும்தான் அவர்கள். டிகரியின் மனைவி எலிசபெத் ரொட்டியும் வெண்ணெயும் பாலும் கொடுத்தார். குதிரைகளுக்கு வைக்கோல் போட்டார். புறப்படுமுன் இருவரும் புத்தகம் எதையும் பார்க்காமல் ஜெபித்தார்கள். அச்சிட்ட ஜெபத்தைப் படித்தே பழகிய அந்தக் காலத்தில் எலிசபெத்துக்கு அது பெரும் வியப்பு. கணவர் வந்ததும் அதைத்தான் சொன்னாராம். அடுத்த ஆண்டு வெஸ்லியே அந்த வீட்டுக்கு வந்தார்.

பிறகு ஒருநாள் டிகரி வேதாகமத்தில் சூனேம் ஊர்ப் பெண்ணின் கதையைப் படித்தார். அவ்வழியே போய்வரும் எலிசா தீர்க்கதரிசிக்காக அவள் தன் வீட்டில் ஓர் அறை கட்டி, கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைத்தாள் அல்லவா? டிகரி அதை அப்படியே தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டார். தன் வீட்டோடு ஒட்டி, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகப் போதகர்களுக்கென்று இரண்டு அறைகள் எழுப்பினார். நம் ஊர்த் திண்ணை போல அதுவும் வழியில் வருபவருக்காகவே கட்டியது.

ரெட்ரூத்துக்குப் பக்கத்தில், சுரங்கம் உள்வாங்கிய க்வென்னப் பள்ளத்தில் வெஸ்லி 1762 முதல் 1789 வரை 18 முறை பிரசங்கித்தார். பெருங்கூட்டம் கூடிய அந்த இடத்துக்குத்தான் புகழ் அதிகம். எனக்கு அந்த இரண்டு அறைகளே பெரிதாகத் தெரிகின்றன. படுக்க இடமும் ஒருவேளைச் சோறும் கிடைக்காமல் எந்தப் போதகரும் நெடுந்தூரம் நடந்துவிட முடியாது.

டிகரி 1795இல் இறந்தார், எலிசபெத் 1805இல். காலப்போக்கில் வீடு பாழடைந்தது. 1950இல் அதைச் செப்பனிட்டு மறுபடி திறந்தார்கள். உலகத்திலேயே மிகச் சிறிய மெத்தடிஸ்ட் பிரசங்கக் கூடம் அதுதான் என்று சொல்வார்கள்.

மெத்தடிசம் நம்மிடம் கார்ன்வாலிலிருந்து நேரே வரவில்லை. அமெரிக்க மிஷன் வழியாக வந்தது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1885இல் சிங்கப்பூரில் அதைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, வில்லியம் ஹோர்லி ஈப்போவில் ஒரு மலாய் வீட்டில் ஆங்கிலோ சீனப் பள்ளியை ஆரம்பித்தார். இங்கும் முதலில் கிடைத்தது ஒரு குடியிருப்பு வீடுதான். இன்று மலேசிய மெத்தடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கென்று தனி ஆண்டு மாநாடே இருக்கிறது.

ட்ரெவின்ட் வீடு பிழைத்ததற்குக் காரணம், அதன் கதை தெரிந்தவர்கள் இருந்ததுதான். நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீட்டிலோ கொட்டகையிலோ கூடி ஜெபித்த குடும்பம் உங்களுடையது என்றால், அந்த இடம் எது, யார் கொடுத்தது, எந்த ஆண்டு வரை கூடினீர்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். ஒரு படி உங்கள் சபையிலும் கொடுத்துவிடுங்கள்.