சாயமும் அச்சும்: அமெரிக்கக் கறுப்புப் பொம்மையின் வரலாறு

ஒரு பொம்மையின் நிறத்தை மாற்றுவது எளிது. வினைலில் கலக்கும் சாயத்தை மாற்றினால் போதும். முகத்தை மாற்றுவதென்றால் புதிதாகச் சிற்பம் வடிக்க வேண்டும், அதைக்கொண்டு அச்சு செய்ய வேண்டும். பொம்மைகள் பெருமளவில் விற்றால்தான் அந்தச் செலவு கைக்குத் திரும்பும். அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளுக்கான பொம்மைகளின் வரலாற்றை நிறத்தின் கதையாகச் சொல்வதே வழக்கம். அச்சின் கதையாக அதைப் படித்தால், குழந்தையின் முகத்துக்காகச் செலவிட யார் முன்வந்தார்கள், யார் சாயத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது புலப்படும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைகளில் கிடைத்த கறுப்புப் பொம்மைகள் பெரும்பாலும் சமையற்காரிகளும் கோமாளிகளுமே. அடிமையாகப் பிறந்து பாப்டிஸ்ட் போதகரான ஆர்.எச்.பாய்டு, இதற்கு மாற்றாக 1911இல் நாஷ்வில் நகரில் ‘நேஷனல் நீக்ரோ டால் கம்பெனி’யைத் தொடங்கினார். ஜெர்மனியில் செய்வித்து இறக்குமதி செய்த அந்தப் பொம்மைகளில் கேலி இல்லை, கண்ணியம் இருந்தது. ஆனால் நிறுவனம் சில ஆண்டுகளே நீடித்தது.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 1947இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற பகுதி. மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள் முன் நிறம் தவிர வேறுபாடு இல்லாத பொம்மைகள் வைக்கப்பட்டன. விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள் 67 சதவீதம்; பழுப்புப் பொம்மையே பார்க்க மோசமானது என்றவர்கள் 59 சதவீதம். கென்னத் கிளார்க்கின் ஆய்வறிக்கை ஒன்று, பள்ளிகளில் இனப் பிரிவினையைச் செல்லாததாக்கிய 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பதினோராம் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. பிரிவினைப் பள்ளிகள் இருந்த தெற்கைவிட, கலந்து படித்த வடக்கிலேயே வெள்ளைப் பொம்மைக்கு விருப்பம் கூடுதலாக இருந்ததே என்று விமர்சகர்கள் மடக்கினார்கள். நியாயமான கேள்விதான். பள்ளிப் பிரிவினை மட்டுமே காரணம் என்ற வாதத்தை அது தளர்த்துகிறது. அழகு எது என்ற பாடத்தைப் பள்ளிக்கு வெளியிலும் குழந்தை கற்கிறது என்பதை அது மறுக்கவில்லை, வலுப்படுத்தவே செய்கிறது. சோதனைக்கு ஒரே வார்ப்புள்ள இரு நிறப் பொம்மைகள் தேவைப்பட்டன. அத்தகைய பொம்மைகள் அன்றும் சில கடைகளில் கிடைத்தன.

அச்சை மாற்றும் முயற்சி புளோரிடாவிலிருந்து வந்தது. கறுப்பினச் சிறுமிகள் வெள்ளைப் பொம்மைகளோடு விளையாடுவதைக் கண்ட சாரா லீ கிரீச் என்ற வெள்ளைப் பெண்மணி, உண்மையான குழந்தைகளின் முகங்களைப் படமெடுத்து, ஷீலா பர்லிங்கேம் என்ற சிற்பியிடம் முகம் வடிக்கச் சொன்னார். எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் துணை நின்றார். பொம்மைக்கு எந்த நிறம் பொருந்தும் என்று தீர்மானிக்க எலினோர் ரூஸ்வெல்ட் ஒரு குழுவையே கூட்டினார். ஒரு பொம்மைக்கு இத்தனை பெரிய சபை கூடியது அபூர்வம். ‘ஐடியல்’ நிறுவனம் 1951இல் வெளியிட்ட இந்த ‘சாராலீ’ இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது. வாங்க ஆளில்லாததை யார் செய்வார்கள் என்று வணிகர்கள் கேட்கலாம். ஆனால் ஒரே ஒரு பொம்மையை வெளியிட்டு இரண்டாண்டில் கைவிட்டதைச் சந்தையின் தீர்ப்பு என்று கொள்ள முடியாது.

அதற்கான சான்று 1960களின் இறுதியில் கிடைக்கிறது. 1967இல் மேட்டல் நிறுவனம் பார்பியின் உறவினளான ஃபிரான்சியின் அதே முக அச்சில் பழுப்புச் சாயம் கலந்து ஒரு பொம்மையை வெளியிட்டது. மறு ஆண்டே, வாட்ஸ் கலவரத்தின் வடு ஆறாத லாஸ் ஏஞ்சல்ஸில், லூ ஸ்மித்தும் ராபர்ட் ஹாலும் நடத்திய ‘ஆபரேஷன் பூட்ஸ்ட்ராப்’ அமைப்பிலிருந்து ‘ஷிண்டானா’ என்ற பொம்மை நிறுவனம் பிறந்தது. சுவாஹிலி மொழியில் அந்தப் பெயர் போட்டியைக் குறிக்கும். தொடங்க உதவியதோ போட்டியாளரான மேட்டல்தான்! ஷிண்டானாவின் ‘பேபி நான்சி’க்குக் கறுப்பினக் குழந்தையின் முகம் இருந்தது, பிறகு சுருள்முடியும் வந்தது. ஷிண்டானா 1983 வரை நின்றது. பதினைந்து ஆண்டுகள் வாங்குவோர் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு ஆழமானது: ‘சரியான’ கறுப்பு முகம் என ஒன்று உண்டா? தடித்த உதடும் அகன்ற மூக்குமே கறுப்பினம் என்றால் அதுவும் ஒரு வகை முத்திரைதானே? அறிஞர் ஆன் டுசில் 1990களில் எழுப்பிய கேள்வி இது. ஆகவே, ஒரே ‘சரியான’ அச்சைக் கோருவதில் பொருளில்லை. பல அச்சுகள் வேண்டும் என்பதே என் வாதம். 1991இல் மேட்டல் வெளியிட்ட ஷானி வரிசை மூன்று நிறங்களோடும் வெவ்வேறு முகங்களோடும் அந்தத் திசையில் சென்றது. இடுப்பில்தான் அது இடறியது. அளந்து பார்த்த ஆய்வாளர்களுக்கு, பார்பியைவிட அகன்றதாகச் சொல்லப்பட்ட அந்த இடுப்பு உண்மையில் அகலமாக இல்லை. முதுகின் வளைவை மாற்றி அந்தத் தோற்றம் உருவாக்கப்பட்டிருந்தது. பார்பியின் உடைகள் ஷானிக்கும் பொருந்தியாக வேண்டும் என்பதே காரணம். பொம்மையைவிட அதன் துணிமணிகளில் வணிகம் பெரிது. 2016இல் மேட்டல் ஏழு தோல் நிறங்களோடு மூன்று புதிய உடல் வடிவங்களையும் வெளியிட்டபோதுதான் அந்தக் கணக்கு மாறியது. பருமனான பார்பிக்கு அதன் மூத்தவளின் பழைய கவுன் ஏறாது.