‘நம்ம பிள்ளைக்கு இடம் கிடைக்குமா?’ – கல்லூரி வாசலின் நூறாண்டு வரலாறு

ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் வேறு பேச்சே கிடையாது. ‘நம்ம பையனுக்கு இடம் கிடைக்குமா? பொண்ணுக்கு எந்தக் காலேஜ் வரும்?’ கல்யாண வீடானாலும் சங்கக் கூட்டமானாலும் இதே கேள்விதான். அடியேன் வணிகன், பேராசிரியனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். கடை அடைத்த பிறகு பழைய அரசாணைகளையும் தீர்ப்புகளையும் தேடிப் படிப்பது நெடுநாள் பழக்கம். அந்தப் படிப்பில் தெளிந்த ஒன்றை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மாணவனின் வாய்ப்பு என்பது அவனுடைய மதிப்பெண் மட்டும் அன்று. எத்தனை இடம் இருக்கிறது, யாருக்கு ஒதுக்கியிருக்கிறது, எந்தப் படியால் அளக்கிறார்கள், என்ன விலை – இந்த நான்கும் சேர்ந்ததுதான் வாய்ப்பு. இவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மைசூரிலும் சென்னையிலும் நூறு ஆண்டுகளாக வாதாடி, வழக்காடி உருவானவை. அந்த வரலாறு தெரிந்தால் நம் பிள்ளையின் நிலையை நாமே கணிக்கலாம்.

நன்னூலாரின் அளவுகோல்

மாணாக்கரை அளப்பது தமிழுக்குப் புதிதன்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவர் என்று கருதப்படும் சமண முனிவர் பவணந்தியார், நன்னூல் பாயிரத்தில் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போன்றவர் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடை. நெய்யரி என்பது நெய் வடிகட்டும் பன்னாடை. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

இந்நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் குலத்தவன். குவளாலபுரத்துக்கு உரியவன் என்று கல்வெட்டுகள் அவனைச் சொல்கின்றன. குவளாலம் என்பது நம் கோலார்தான். ஆக, நாம் குடியிருக்கும் இந்த வட்டாரத்துக்கும் நன்னூலுக்கும் உறவு உண்டு.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பவணந்தியார் அளந்தது பிள்ளை பாடத்தை எப்படி வாங்கிக்கொள்கிறான் என்பதை. இடங்களின் எண்ணிக்கையை அவர் எண்ணவில்லை. பத்துப் பேர் அன்னமாக இருந்தால் பத்துப் பேருக்கும் பாடம் உண்டு. பத்து அன்னங்கள் நிற்கும்போது ஓர் இடம்தான் இருக்கிறது என்பது நம் காலத்துச் சிக்கல்.

மில்லர் குழுவும் சென்னை ஆணையும்

1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. அடுத்த ஆண்டே பெங்களூரில் பொறியியல் கல்லூரி. திவானாக இருந்தவர் விசுவேசுவரய்யா. 1918இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அரசுப் பணிகளில் பிராமணர் அல்லாதார் போதிய அளவில் இல்லையே, என்ன செய்யலாம் என்பது குழுவுக்கு வைத்த கேள்வி. பணியில் முன்னுரிமையும் படிப்புக்கு உதவியும் வேண்டும் என்றது குழு. 1921இல் ஆணை வந்தது. திறமை குறைந்துவிடும் என்று கருதிய விசுவேசுவரய்யா அதற்கு முன்பே பதவியிலிருந்து விலகியிருந்தார். இருவருமே நாட்டின் நலம் நாடியவர்கள். திறமையா, பங்கா என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை.

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்தது. பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி தொடர்பாகச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த ஆணை செல்லாது என்றது. இரண்டே மாதத்தில் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டது. பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவகுக்கும் 15(4) பிரிவு பிறந்தது. ஒரு கல்லூரி இடத்துக்கான கேள்வி நாட்டின் சட்டப் புத்தகத்தையே மாற்றியது என்றால் அதன் கனத்தைப் பாருங்கள்!

பாதி என்ற கோடு

இன்று நாடு முழுக்கப் பேசும் 50 விழுக்காடு வரம்பு இந்த மாநிலத்து வழக்கில் வந்தது. 1962 சூலை 31இல் மைசூர் அரசு பொறியியல், மருத்துவ இடங்களில் பிற்பட்டோருக்கு 28, மிகவும் பிற்பட்டோருக்கு 22, தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 3 என மொத்தம் 68 விழுக்காட்டை ஒதுக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பாலாஜி வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு, ஒதுக்கீடு பொதுவாகப் பாதிக்கு உட்பட்டிருக்க வேண்டும், சாதி ஒன்றையே அளவாகக் கொள்ளக் கூடாது என்றது.

மறு ஆண்டு அரசு வேறு முறை கொண்டுவந்தது. தொழிலையும் வருமானத்தையும் வைத்துப் பிரித்தார்கள். கூடவே நேர்முகத் தேர்வு: பொது அறிவு, ஆளுமை, விளையாட்டு முதலியவற்றுக்குத் தனி மதிப்பெண். 1964இல் சித்ரலேகா வழக்கில், நேர்முகத்துக்கு மதிப்பெண் தருவது அதனளவில் தவறில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் நேர்முகம் என்பது எடைக்கல் இல்லாத தராசு. முகம் தெரிந்தவனுக்குச் சாயும் என்ற ஐயம் எப்போதும் உண்டு. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர் பெருகியபோது, நிர்வாகம் ‘குணநலன்’ என்ற அளவைச் சேர்த்து அவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையை நீக்கச் சொன்ன வழக்கும் அதே ஹார்வர்டைப் பற்றியதுதான். அங்கே பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்: வெறும் மதிப்பெண்ணைக் காட்டி அங்கே எதையும் உறுதியாகக் கணிக்க முடியாது.

விலை

அடுத்தது பணம். கருநாடகத்தில் தனியார் கல்லூரிகள் பெருகியதும் நன்கொடை வாங்குவதும் பெருகியது. 1984இல் தடைச்சட்டம் வந்தது. ஆனாலும் தும்கூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு ரூ.2,000, கருநாடக மாணவருக்கு ரூ.25,000, வெளிமாநிலத்தாருக்கு ரூ.60,000 என்று அரசே கட்டணம் வகுத்திருந்தது. ஒரே வகுப்பு, ஒரே பாடம், மூன்று விலை! இதை எதிர்த்து மீரட் நகரத்து மோகினி ஜெயின் தொடுத்த வழக்கில் 1992இல் தீர்ப்பு வந்தது. (அந்தப் பெயரைப் பார்த்து ‘உங்க சொந்தமா?’ என்று கடைக்கு வந்தவர்கள் என்னைக் கேட்டதுண்டு. அவர் வடக்கு, நான் தெற்கு!) 1993இல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்து, இரண்டையும் தகுதி வரிசைப்படியே நிரப்பச் சொன்னது. அதன் விளைவாகத்தான் 1994இல் கருநாடகத்தில் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி. முறை வந்தது. 2002இல் டி.எம்.ஏ. பை தீர்ப்பு அந்த ஏற்பாட்டைத் தளர்த்தியது. தனியார் கல்லூரிகளுக்கான காமெட்-கே தேர்வு அதன் பின் வந்ததே.

இன்றைய கணக்கு

சி.இ.டி. பொறியியல் கணக்கு எளிது. ஆனால் பலர் பாதியை மறந்துவிடுகிறார்கள். பி.யு.சி.யில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றின் விழுக்காட்டில் பாதி, சி.இ.டி.யில் 180க்கு வாங்கிய விழுக்காட்டில் பாதி. ஒரு பையன் பி.யு.சி.யில் 300க்கு 294, சி.இ.டி.யில் 99 என்று வைத்துக்கொள்வோம். 98உம் 55உம் கூட்டிப் பாதியாக்கினால் 76.5. இன்னொரு பெண் 270உம் 126உம் வாங்குகிறாள். 90உம் 70உம் கூட்டினால் பாதி 80. பொதுத் தேர்வில் 24 மதிப்பெண் குறைந்தவள் வரிசையில் முன்னே நிற்கிறாள். ‘என் பையன் 98 சதவீதம்’ என்று வீட்டில் கொண்டாடுவதற்கு முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவத்துக்கு நீட் மட்டுமே. பொதுத் தேர்வில் குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும், வரிசையை முடிவு செய்வது நீட்.

இரு மாநிலங்களுக்கு நடுவே நாம்

நம்மைப் போன்றோர் தடுக்கி விழும் இடம் இதுதான். கருநாடகத்தில் பொறியியல் அரசு இடத்துக்கு முதல் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரை குறைந்தது ஏழு ஆண்டுகள் இம்மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பதே முதன்மையான விதி. தாய்மொழி எது என்று அந்த விதி கேட்பதில்லை. ஏழு ஆண்டுச் சான்று கையில் இருந்தால் நம் பிள்ளையும் கருநாடக மாணவனே. பத்தாம் வகுப்பு வரை கன்னட வழியில் படித்தவருக்கும் கிராமப்புறத்தில் படித்தவருக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. பணிமாற்றத்தில் ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள் ஆண்டுகளை எண்ணி வைப்பது நல்லது.

சாதிச் சான்று வேறு விஷயம். தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள பிரிவு இங்கே தானாகச் செல்லாது; இம்மாநிலப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். எங்கள் தமிழ்ச் சமணர் திகம்பரர். இங்கே திகம்பர ஜைனர் 3பி பிரிவில் வருகிறார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு இது இன்னும் கடுமை. ஒரு மாநிலத்தவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அச்சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்போது குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதே அளவு. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பழைய வேலைச் சீட்டு, வாடகை ரசீது, பள்ளிப் பதிவு எல்லாம் பொன்னுக்குச் சமம். சுரங்கம் 2001இல் மூடிவிட்டது, காகிதங்களையாவது காப்பாற்றுங்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படிக்காதவர் பூர்வீகச் சான்று காட்ட வேண்டும். அங்கே நுழைவுத் தேர்வு 2007 முதல் கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கு. பொதுத் தேர்வில் நன்றாக வாங்கி நுழைவுத் தேர்வில் சறுக்கும் பிள்ளைக்கு அந்த வாசல் ஏற்றது.

கணிக்கும் முறை

ஒரு வணிகன் சொல்லும் வழி இது. போன ஆண்டுகளில் கல்லூரி, பாடம், பிரிவு வாரியாகக் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க் வெளியாகிறது. ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல் மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். உங்கள் பிரிவையும் சுற்றையும் சரியாக ஒப்பிடுங்கள். பிறகு மூன்று பட்டியல் போடுங்கள்: எட்டாதது, எட்டக்கூடியது, நிச்சயமாகக் கிடைப்பது. மூன்றிலும் பெயர் இருக்கட்டும்; விருப்பவரிசையில் ஆசைப்பட்டதை முதலில் எழுதுங்கள். மாதிரி ஒதுக்கீடு வந்ததும் திருத்திக்கொள்ளலாம்.

விதி எந்த ஆண்டும் மாறலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 2021இல் பெருந்தொற்றால் பி.யு.சி. தேர்வே நடக்கவில்லை, சி.இ.டி. மட்டும் கணக்கானது. அந்த அணி மாணவர் மறு ஆண்டு மீண்டும் எழுதியபோது அவர்கள் பி.யு.சி. மதிப்பெண் சேருமா என்று உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. இந்த நூறாண்டில் அளவுகோல் எத்தனை முறை மாறியது என்று பார்த்தோம். 1950இல் வெளியே நின்ற பிள்ளை 1963இல் உள்ளே போயிருப்பான்; 1963இல் உள்ளே போனவன் 1995இல் வெளியே நின்றிருப்பான். பிள்ளை மாறவில்லை, படிதான் மாறியது. ஆகையால் இடம் கிடைக்காத பிள்ளையைக் கடை மாணாக்கன் என்று எந்தத் தாய் தகப்பனும் நினைக்கக் கூடாது. இடம் கிடைத்த பிள்ளையும் தன்னை அன்னம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அன்னமா நெய்யரியா என்பது உள்ளே போன பிறகு, அவன் படிக்கும் படிப்பில்தான் தெரியும்.