சின்ன வீட்டுக்கும் சூரியன் வேணுமா?

தலைப்பைப் பார்த்துட்டு வேற எதையோ நினைச்சு ஓடி வந்தவங்க மன்னிக்கணும் :-) இது கலிஃபோர்னியாவில் பெரிய வீட்டுக்குப் பின்னாடி, கொல்லைப்புறத்தில் கட்டுற குட்டி வீட்டைப் பற்றிய சரித்திரப் பதிவு. தனி வாசல், தனி சமையலறை, தனி குளியலறை எல்லாம் உண்டு. அங்கே இதுக்கு ஏ.டி.யூ.ன்னு பேர். அம்மா அப்பாவைத் தங்க வைக்கலாம், வாடகைக்கும் விடலாம்.

இந்தக் குட்டி வீட்டுக்குள்ளே ரெண்டு கதை வந்து முட்டிக்கிச்சு.

முதல் கதை 1973ல் ஆரம்பிக்குது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் வாசலில் நீள வரிசை. பெர்க்லியில் ஆர்தர் ரோசன்ஃபெல்டுன்னு ஒரு இயற்பியல் பேராசிரியர், என்ரிக்கோ ஃபெர்மியோட மாணவர். அணுத்துகள் ஆராய்ச்சியை விட்டுட்டு, வீணாப் போற மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற வேலைக்கு வந்துட்டார். 1974ல் கவர்னர் ரொனால்ட் ரீகன் கையெழுத்தில் வாரன்-அல்கிஸ்ட் சட்டம் வந்து, மாநில எரிசக்தி ஆணையம் பிறந்தது. 1978ல் கட்டடங்களுக்கான முதல் எரிசக்தி விதிகள் வந்தன. 'டைட்டில் 24'ன்னு சொல்றது இதைத்தான். சுவர் இன்சுலேஷன், ஜன்னல் கண்ணாடின்னு சுமார் மூணு வருஷத்துக்கு ஒருமுறை விதி இறுகிக்கிட்டே வந்து, 2018 மே மாசம் 'புது வீட்டுக்கு சோலார் கட்டாயம்'ங்கிற இடத்துக்கு வந்தது.

ரெண்டாவது கதை வீட்டுப் பஞ்சம். பின்னாடி இன்னொரு வீடு கட்டிக்க 1982லேயே மாநிலச் சட்டம் இருந்தது. ஆனா கார் நிறுத்த இடம் எங்கே, மனை பத்தாதுன்னு நகராட்சிகள் முட்டுக்கட்டை போட்டுக்கிட்டே இருந்தன. 2002, 2016, 2019னு மூணு தடவை சட்டம் போட்டுத்தான் ஒவ்வொண்ணா எடுக்க முடிஞ்சது. கடைசிச் சட்டங்கள்படி 60 நாளில் பதில் சொல்லியாகணும்.

வேடிக்கை என்னன்னா, சோலார் விதியும் 2019 சட்டங்களும் அமலுக்கு வந்தது ஒரே நாளில், 2020 ஜனவரி 1! ஒரு கை 'சிக்கனமா, சீக்கிரமா கட்டு'ங்குது. இன்னொரு கை 'கூரையில் பேனல் எங்கே'ங்குது.

இனி கொஞ்சம் கணக்கு. மாநிலத்தை 16 தட்பவெப்ப மண்டலமாப் பிரிச்சிருக்காங்க. பேனல் அளவுக்கான சூத்திரத்தில் ரெண்டு பகுதி. ஒண்ணு சதுர அடியைப் பொறுத்தது. இன்னொண்ணு வீட்டுக்கு இவ்வளவுன்னு மாறாத எண். சான் ஹோசே இருக்கிற 4ஆம் மண்டலத்தில் 2000 சதுர அடி வீட்டுக்கு சுமார் 2.4 கிலோவாட் வரும். 400 சதுர அடி வீட்டுக்கு 1.4. அஞ்சில் ஒரு பங்கு வீடு, ஆனா பாதிக்கு மேல பேனல்! அந்த மாறாத எண் பண்ற வேலை. குட்டி வீட்டிலும் ஒரு ஃப்ரிட்ஜ் ஓடத்தானே செய்யும்னு நியாயம் சொல்லலாம். ஆனா சதுர அடிக் கணக்கில் பார்த்தா, சின்னதாக் கட்டுறவங்க தலையில்தான் பாரம் அதிகம்.

இதுக்கு மருந்து 2023 ஜனவரி 1ல் அமலுக்கு வந்த 2022 தொகுப்பில் கிடைச்சது. கணக்கு 1.8 கிலோவாட்டுக்குக் கீழே வந்தா பேனல் வேண்டாம். சான் ஹோசேயில் 800 சதுர அடி வீடும் தப்பிச்சது. பாலைவன வெயில் அடிக்கிற பாம் ஸ்பிரிங்ஸில் அதே வீடு தப்பலை. இருக்கிற கராஜை வீடா மாத்தினவங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே சோலார் கட்டாயம் இல்லை. 2026 ஜனவரி 1ல் அடுத்த தொகுப்பும் வந்தாச்சு, அதனால கட்டப் போறவங்க புது அட்டவணையைப் பார்த்துக்கோங்க.

என்னைக் கேட்டா, சலுகை சரிதான். பேனலுக்குத்தான் விலக்கு, இன்சுலேஷனுக்கும் ஜன்னலுக்கும் இல்லை. ரோசன்ஃபெல்ட் ஆரம்பிச்சதும் மிச்சம் பிடிக்கிறதில்தானே? நல்ல விதியா இருந்தாலும், சராசரி வீட்டை மனசில் வெச்சு எழுதினா சின்ன வீட்டுக்காரர்தான் மாட்டிக்கிறார். அதைத் திருத்த மூணு வருஷம் ஆச்சு.

நீங்க என்ன நினைக்கிறீங்க? பின்னூட்டத்தில் கும்முங்க :-)