பழங்கற்படி

4,294,967,295. ஒரு பெரிய ஃபைல் சர்வருக்கு பேக்கப் போகும்போது சரியாக இத்தனை பைட்டில் நின்றுபோனால், குற்றவாளி யார் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. கும்பகோணம் பக்கத்துக் குடும்பங்களிடம் இருக்கும் ஓலைச்சுவடிகளையும் பழைய குத்தகைக் கணக்குகளையும் படம் எடுத்துச் சேர்க்கிற சின்னக் குழு நாங்கள். 58 ஜிபி படங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, சர்வரில் செருகியிருந்த 2 டெராபைட் டிஸ்க்குக்கு அனுப்பினோம். 4 ஜிபியில் நின்றது. இடம் போதவில்லை என்றது திரை. டிஸ்க்கில் முக்கால்வாசி காலி.

இடம் இருக்கிறது, எழுதத்தான் கட்டம் இல்லை. களஞ்சியம் எவ்வளவு பெரிதாகவும் இருக்கட்டும், கணக்குப்பிள்ளையின் நோட்டில் 'எத்தனை கலம்' என்ற கட்டம் மூன்று இலக்கத்துக்குத்தான் என்றால் 999 கலத்தோடு கணக்கு முடிந்தது. ஆயிரமாவது கலத்தைக் கொட்டலாம், பதிய முடியாது. அந்த டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டது. அதில் ஒரு ஃபைலின் அளவைக் குறிக்க 4 பைட், அதாவது 32 பிட் கட்டம். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்தான் மேலே இருப்பது.

இதைப் போட்டவர்களைத் திட்ட மனசு வரவில்லை. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் ஃப்ளாப்பியில் மொத்தமே 160 கேபி. அன்றைக்கே அளவுக்கு 4 பைட் ஒதுக்கினார்கள். குடிசை வாசலில் தேர் நுழைகிற அகலத்துக்குக் கதவு வைத்தது மாதிரி. 1996இல் ஃபேட்32 வந்தபோது டிஸ்க்கின் மொத்தக் கொள்ளளவை உயர்த்தினார்கள், இந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். டிவி, கேமரா, ரௌட்டர் எல்லாம் அதைப் படிக்கும் என்பதால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நெட்வொர்க் வழியாகப் போகும்போது சிக்கல் கூடும், ஏனென்றால் வழியில் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஒரு கணக்குப்பிள்ளை. யூனிக்ஸ் உலகில் ஃபைல்களைப் பகிர்ந்த என்எஃப்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பும் 32 பிட்டில்தான் கணக்கு வைத்தது. நடைமுறையில் பல இடங்களில் 2 ஜிபிதான் தாங்கியது. ஒரு பிட் கழித்தல் குறிக்குப் போய்விட்டதே காரணம். 1995இல் வந்த மூன்றாம் பதிப்புதான் 64 பிட்டுக்கு மாறியது. பழைய டார் மூட்டையில் அளவை எழுத 11 எண்ம இலக்கங்கள், அதனால் 8 ஜிபி. ஆகவே எங்கே நின்றது என்று பாருங்கள். 2, 4, 8 என்று கச்சிதமாக நின்றால் ஏதோ ஒரு கட்டம் நிரம்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ஒயரையோ வைஃபையையோ சந்தேகப்படலாம். சர்வருக்குள்ளேயே நேராக 5 ஜிபி வெற்று ஃபைல் ஒன்றை அந்த டிஸ்க்கில் உருவாக்கிப் பார்த்தோம். அங்கேயும் அதே இடத்தில் நின்றது. நெட்வொர்க் தப்பித்தது.

டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டுக்கோ ஈஎக்ஸ்டி4க்கோ மாற்றுவதுதான் முறையான வழி. ஆனால் ஃபார்மேட் செய்தால் உள்ளே ஏற்கெனவே இருப்பது போய்விடும், அதை இறக்கிவைக்க வேறு டிஸ்க் கையில் இல்லை. எனவே மூட்டையை 3 ஜிபி வீதம் 20 துண்டாக வெட்டி, 01 முதல் 20 வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் செக்சம் எடுத்துத் தனி ஃபைலில் எழுதிவைத்தோம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மூட்டைக்குள் இருந்த ஓலைகளும் இதே வேலையைத்தான் செய்திருந்தன. ஓலையின் நீளத்தைப் பனைமரம் தீர்மானிக்கிறது, புலவர் இல்லை. நூலை ஓலை ஓலையாக வெட்டி, இடது ஓரத்தில் எண் போட்டு, துளையில் கயிறு கோத்தார்கள். செப்பேடு இன்னும் கறார். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள். ஒரே வளையத்தில் கோத்து, சோழ முத்திரை வைத்தது. வளையத்தை வெட்டாமல் நடுவில் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, செருகவும் முடியாது. செக்சம் வேறென்ன?

ஓலைக் கயிறு அப்படி இல்லை, அறுந்துபோகும். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் இல்லை. எண்கள் இருக்கின்றன, பாட்டு இல்லை. எனக்கு அந்த இரண்டு வெற்று எண்கள்மேல் ஒரு மரியாதை உண்டு. எண் போடாமல் விட்டிருந்தால் இரண்டு பாட்டுகள் தொலைந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடிவதும், நூலின் பெயரே மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுவதால்தான்.

துண்டு போடுவது ஒரு வழி. ஊடகத்தையே மாற்றுவது இன்னொன்று. அதற்கு டெல்டாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. காவிரி வடகரையில் திருக்கோடிகாவல். கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கல்லால் புதுப்பித்தார். பழைய கட்டடத்தில் அதற்கு முந்தைய தானக் கல்வெட்டுகள் இருந்தன, பல்லவர் காலத்தவை உட்பட. நிலமும் விளக்கெரிக்கக் கொடுத்த பொன்னும் அவற்றை நம்பித்தான். கல்லைக் கழற்றிப் போட்டால் அறக்கட்டளைக்குச் சாட்சி ஏது? எனவே அவற்றைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டினார்கள். வெட்டியதோடு, இது ஒரு பழங்கல்லின் படி என்றும் கூடவே எழுதிவைத்தார்கள்.

சின்னக் குறிப்புதான். ஆனால் படி எடுத்தவர்கள் பல்லவர் கால எழுத்தைப் போலி செய்யவில்லை, தங்கள் காலத்துச் சோழர் எழுத்திலேயே வெட்டினார்கள். பல்லவ மன்னன் பெயர், அவன் ஆட்சியாண்டு, எழுத்து மட்டும் பிற்காலத்தது. அந்தக் குறிப்பு இல்லையென்றால் இருபதாம் நூற்றாண்டில் அங்கே போய் மைப்படி எடுத்த கல்வெட்டுக்காரர் இதைக் கள்ளச் சாசனம் என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.