சீஓடூ மெஷினும் ஒரு சோம்பேறி வாயுவும்

படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு பொட்டி தட்டுறது. காலேஜ்ல தூங்கிட்டே கடந்து போன வெல்டிங் பாடம், போன மாசம் என்னைத் தேடி வந்து மண்டையில தட்டுச்சு.

மாமாவோட கிரில் பட்டறையில சின்னதா ஒரு மிக் மெஷின் இருக்கு. அக்கா பொண்ணுக்கு ஊஞ்சல் செஞ்சு தர்றேன்னு பெருமையா இறங்கிட்டேன். 3 மி.மீ. தகட்டுல ஓட்டிப் பழகின அதே செட்டிங்ல, 10 மி.மீ. பிளேட்டுல கொக்கியைப் பத்த வெச்சேன். சும்மா சொல்லக் கூடாது, அழகா வரிசையா வந்துச்சு. பாப்பா ஏறுறதுக்கு முன்னாடி மாமா தொங்கிப் பாத்தார். கொக்கியோட சேர்ந்து கீழ விழுந்தார். வெல்டு உடையல மக்களே, அது பிளேட்டுல ஒட்டவே இல்ல!

மாமா திட்டல. இடுப்பைத் தடவிக்கிட்டே, "சீஓடூ அழகு காட்டி ஏமாத்தும் மாப்ள"ன்னார். அவ்ளோதான். மெஷின்ல 'மிக்'னு எழுதியிருக்கு, பட்டறையில எல்லாரும் ஏன் சீஓடூன்னு சொல்றாங்க? ஏன் ஏமாத்துச்சு? ரெண்டுக்கும் பதில் வரலாற்றுல இருக்கு.

1881-ல பெர்னார்டோஸ் கார்பன் குச்சியில மின்வில் உண்டாக்கி உலோகத்தை இணைச்சார். 1888-ல ஸ்லாவியானோவ், குச்சியே உருகி இணைப்பா மாறுற மாதிரி செஞ்சார். பிரச்சினை காத்துதான். உருகின இரும்புல ஆக்சிஜனும் நைட்ரஜனும் புகுந்தா இணைப்பு நொறுங்கும். அதுக்குத்தான் ராடு மேல பூச்சு வந்துச்சு. ஆனா ராடு தீரத் தீர நிறுத்தி மாத்தணும். கம்பிச் சுருளை மோட்டார் வெச்சுத் தள்ளினா? 1920-லயே ஜெனரல் எலக்ட்ரிக்கோட பி.ஓ.நோபல் அதைச் செஞ்சுட்டார். ஆனா வெறும் கம்பி, காத்துக்குப் பாதுகாப்பு இல்ல.

1948-ல அமெரிக்காவின் பேட்டல் ஆய்வுக்கூடம், மெல்லிய கம்பியைத் தொடர்ந்து தள்ளி, சுத்தி ஆர்கான் மாதிரி மந்த வாயு விடுற முறையைக் கொண்டு வந்துச்சு. ஆர்கான்னா கிரேக்கத்துல சோம்பேறின்னு அர்த்தம், எதோடயும் சேராது :-) மிக்-ல இருக்கிற 'ஐ' அந்த மந்த வாயுவைத்தான் குறிக்குது. அலுமினியத்துக்கு அருமை. ஆனா சாதாரண இரும்புக்கு அவ்ளோ விலை குடுத்து வாயு விட்டா கட்டுப்படி ஆகாது.

1953-ல சோவியத்துல லியுபாவ்ஸ்கியும் நோவோஷிலோவும் மலிவான கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தினாங்க. இது சோம்பேறி இல்ல. மின்வில்லோட சூட்டுல பிரிஞ்சு ஆக்சிஜனை விடும். அது இரும்புல இருக்கிற கார்பனோட சேர்ந்து வாயுவாகி இணைப்புல ஓட்டை போடும். அதனால கம்பியிலயே சிலிக்கானும் மாங்கனீசும் கலக்குறாங்க. அதுங்க ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிட்டு மேல மிதந்து வந்துடும். வெல்டு மேல பழுப்பா கண்ணாடிச் சில்லு மாதிரி தெரியுதே, அது இதுதான். ஆக, சரியான பேர் பட்டறைப் பேர்தான். புத்தகத்துல இதுக்கு 'மேக்'னு தனிப் பேரே உண்டு.

இப்ப என் கொக்கிக்கு வர்றேன். 1958-59 வாக்குல மெல்லிய தகட்டுக்குன்னே ஒரு முறை வந்துச்சு. குறைஞ்ச வோல்ட்டுல கம்பி நொடிக்கு 20-லேர்ந்து 200 தடவை வரைக்கும் உருகின குட்டையைத் தொட்டுத் தொட்டு விலகும். சூடு கம்மி, தகடு ஓட்டையாகாது. மாமாவோட மெஷின் ஓடுறது இதுலதான். மெல்லிய தகட்டுக்கு வரமா இருந்த அந்தக் கம்மிச் சூடு, 10 மி.மீ. பிளேட்டுக்குச் சாபம். பிளேட் சூட்டை உறிஞ்சிடும், அடி உருகாது, கம்பி மட்டும் மேல அழகா படிஞ்சிடும்.

மெஷின்ல ரெண்டே திருகுதான். கம்பி வேகம் கூட்டினா ஆம்பியர் கூடும். வோல்ட் கூட்டினா வில் நீண்டு, வெல்டு அகலமாகும். 0.8 மி.மீ. கம்பியில 3 மி.மீ. தகட்டுக்கு ஏறக்குறைய 120 ஆம்பியர், 18-19 வோல்ட். சீரா பொரியுற சத்தம் வந்தா சரி. வேகம் அதிகமானா கம்பி குத்தித் துப்பாக்கியைத் தள்ளும், வோல்ட் அதிகமானா கம்பி பெரிய சொட்டா விழும். துருவையும் பெயிண்டையும் தேய்ச்சு எடுக்காம ஆரம்பிக்கவே கூடாது.

மாமா என் வெல்டை கிரைண்டர்ல தேய்ச்சு எடுத்தார். ஓரத்தைச் சாய்வா வெட்டி, பெரிய மெஷின்ல ராடு போட்டு மூணு வரி ஓட்டினார். திரும்ப அவரே தொங்கிப் பாத்துட்டுத்தான் பாப்பாவை ஏத்தினார். நம்ம தொழில்ல கம்பைல் ஆயிடுச்சுன்னு கைதட்டுவோம். அங்க தொங்கிப் பாக்கிறவரைக்கும் எதுவும் முடிஞ்சதில்ல.

டிஸ்கி: ஜிங்க் பூசின குழாயைப் பத்த வைக்காதீங்க, புகை காய்ச்சல்ல படுக்க வெச்சுடும். கண்ணாடி இல்லாம எட்டிப் பாக்காதீங்க. ஊஞ்சல் வேணும்னா மாமாகிட்ட சொல்லுங்க, என்கிட்ட இல்ல :-)